சீர்வரிசைத் தட்டும் கறுப்புப் பையும்

சில மாதங்களுக்கு முன் எங்களுள் ஒருவரின் உறவினர் வீட்டு விழாவுக்காக நால்வர் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பூப்புனித நீராட்டு விழா. மண்டப வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் பதாகை. நடுவில் பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாகப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளைச் சுற்றி வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நிற்கும் தாய்மாமன்மார் மூவர். மேளதாளத்தோடு சீர்வரிசைத் தட்டுகள் தெருவழியே வந்தன. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு மாமனின் பெயரும், அவர் கொணர்ந்த தட்டுகளின் எண்ணிக்கையும் அறிவிக்கப்பட்டன.

பந்தியில் எங்களுக்கு எதிர் இலையில் அச்சிறுமியின் தம்பி அமர்ந்திருந்தான். ஒன்பது வயதிருக்கும். அருகிலிருந்த பெரியவரிடம் அவன் கேட்டான்: “பெரியப்பா, அக்காவுக்கு இன்னிக்குப் பொறந்தநாளும் இல்லையே, எதுக்கு இவ்ளோ பெரிய விசேஷம்?” பெரியவர் சிரித்தார். பக்கத்து இலையினரும் சிரித்தனர். “அதெல்லாம் உனக்கு எதுக்குடா? பாயசம் வேணுமா கேளு” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். தான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டோம் என்பது மட்டும் அவனுக்கு விளங்கிவிட்டது.

அச்சிறுமியின் உடலில் நிகழ்ந்தது என்ன என்பதை ஊர் அறியும். மொய் எழுத வந்தவர் அறிவர். பந்தல் போட்டவர் அறிவார். பதாகை அச்சிட்டவரும் அறிவார். அவளோடு ஒரே கூரையின்கீழ் உறங்கி எழும் தம்பிக்கு மட்டும் அது அறியத்தகாத செய்தி. திரும்பும் வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டு வந்தது இதைப் பற்றியே. அப்பேச்சின் விளைவே இக்கட்டுரை.

நாம் சொல்ல வருவது இதுதான். தமிழ்க் குடும்பத்தில் உடன்பிறந்தானுக்குப் பூப்பின்போது ஓர் இடம் உண்டு. ஆனால் அவ்விடம் தவறான ஆளுக்கு, தவறான நாளில், தவறான வடிவில் அளிக்கப்பட்டிருக்கிறது. தாயின் உடன்பிறந்தான் ஒருநாள் சீர் கொணர்கிறான். சிறுமியின் உடன்பிறந்தானோ அதற்குப்பின் வரும் ஒவ்வொரு மாதமும் வாய்மூடி இருக்கப் பழக்கப்படுகிறான். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் நானூறு முறைக்கு மேல் மாதவிலக்கு வருகிறது. முதல் முறைக்குப் பதாகை. எஞ்சிய அத்தனைக்கும் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலமும் கறுப்புப் பையும். பதாகைக்கான படத்துக்கு நிற்க அவளுக்கு விருப்பமா என்று எவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

சீர் எதற்காக?

தாய்மாமன் சீரை அன்பின் அடையாளமாகவே நாம் போற்றி வந்திருக்கிறோம். அன்பு அதில் இல்லை என்று கூறமாட்டோம். உடன்பிறந்தவள் மகளுக்குச் சீர் செய்யக் கடன்பட்டு, அக்கடனை ஆண்டுக்கணக்கில் அடைத்தவர்களை நாம் அறிவோம். ஆயினும் அச்சடங்கு சமூகத்துக்குச் சொல்லும் செய்தி வேறு. இவள் திருமணத்துக்கு உரியவளாகிவிட்டாள், முறை உடையோர் அறிக என்பதே அது. மாமனுக்கும் மாமன் மகனுக்கும் மணமுறை இருந்த சமூகத்தில் சீர்த்தட்டு உரிமையின் சாசனமும் ஆகும். பச்சை ஓலையில் குச்சுக் கட்டும் கடமை பல ஊர்களில் மாமனுக்கு வாய்த்ததும் தற்செயலன்று. ஈழத்துச் சாமத்திய வீட்டிலும் தாய்மாமனுக்குத் தனியிடம் உண்டு.

இவ்வளவு பெரிய அமைப்பில் சிறுமியின் வயிற்றுவலிக்கு எங்கே இடம்? உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த பாட்டிமார்க்கு அவ்வக்கறை இருந்தது, அதை மறக்கவில்லை. ஆண்கள் செய்தவை பந்தலும் தட்டும் விருந்தும்தாம். அடுத்த மாதம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கையில் ஒரு மாமனும் வரப்போவதில்லை. வீட்டில் இருக்கப்போகிறவன் அண்ணனோ தம்பியோதான்.

அவன் என்ன செய்கிறான்? தம்பியானால், மடித்த துண்டுச் சீட்டோடு மருந்துக்கடைக்கு அனுப்பப்படுகிறான். “பிரிச்சுப் பாக்காம கடைக்காரர் கையில குடு” என்பது கட்டளை. கடைக்காரர் சீட்டைப் படித்து, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் இட்டுத் தருகிறார். பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடைவிதித்தது. அதன்பின்னும் நாப்கின் வாங்கும்போது மட்டும் அந்தக் கறுப்புப் பை எங்கிருந்தோ வந்துவிடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். தான் சுமந்து வருவது ஏதோ குற்றப்பொருள் என்ற எண்ணத்தோடு அச்சிறுவன் வீடு திரும்புகிறான். அவன் கற்கும் முதல் பாடம் அது.

அண்ணனானால் நிலை இன்னும் மோசம். தங்கை பூப்பெய்திய நாளிலிருந்து அவன் குரல் மாறுகிறது. முன்பு அவளோடு மட்டைப்பந்து ஆடியவன், இப்போது மேலாடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறான். எங்கே போகிறாய், யாரோடு பேசினாய், ஏன் தாமதம் என்று கேட்கிறான். அவளுடைய உடலைக் காக்கும் பொறுப்பு அவனுக்கு உண்டு; அவ்வுடலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வதுதான் ஆபத்து.

அறியாமையின் விலை

மிகைப்படுத்துவதாக நண்பர்கள் கருதக்கூடும். அண்மை ஆண்டுகளில் நாடறிந்த மூன்று நிகழ்வுகளை மட்டும் நினைவூட்டுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பகுதியில், அப்போதுதான் பூப்பெய்தியிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, வழக்கப்படி வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். புயலில் தென்னை மரம் அக்குடிசைமேல் சாய்ந்தது, சிறுமி இறந்தாள். புயல் வருகிறதென்று நாட்கணக்கில் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்தது. இருந்தும் ‘தீட்டு முடியவில்லை’ என்ற சொல்லுக்கு முன்னால் அவ்வெச்சரிக்கை எடுபடவில்லை.

2023 மே மாதம் மும்பையை அடுத்த உல்லாஸ்நகரில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அடித்துக் கொல்லப்பட்டாள். அடித்தவன் அவளுடைய சொந்த அண்ணன் என்று காவல்துறை கைது செய்தது. அவளுக்கு அப்போதுதான் முதல் மாதவிலக்கு. உடையில் கண்ட குருதிக்கறையை அவன் வேறுவிதமாகப் பொருள்கொண்டான். அவள் எவனோடோ உறவு கொண்டாள் என்று ஐயுற்றான். தனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சொன்னாலும் விளங்கிக்கொள்ள அவனுக்குத் தெரிந்திராது.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவி, மாதவிலக்கைக் காரணம் காட்டி, வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டாள். காணொளி வெளியானதால் நாடறிந்தது. வெளிவராதவை எத்தனை என்பதை வாசகர் தம் நினைவிலிருந்தே கணக்கிடலாம்.

உல்லாஸ்நகர் வடக்கே எங்கோ நடந்தது என்று ஆறுதல் கொள்ள நமக்கு உரிமையில்லை. தங்கையின் கற்புக்குக் காவலன் என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டு, பெண்ணுடலைப் பற்றிய ஒரு வரியையும் கற்பிக்காமல் வளர்க்கப்படும் அண்ணன்மார் நம் தெருவிலும் இருக்கிறார்கள். நாமே அப்படித்தான் வளர்ந்தோம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டியதை எங்கள் குழுவின் ஆண்கள் அனைவரும் நினைவுகூர்கிறோம். பெண்பிள்ளைகளைத் தனியறையில் அமர்த்தி ஏதோ பேசுவார்கள். எங்களை மைதானத்துக்கு விரட்டிவிடுவார்கள். நாப்கின்களை நாம் பார்த்தது தொலைக்காட்சி விளம்பரத்தில். அதில் ஊற்றப்பட்டதோ நீல நிற நீர்.

பழமை என்ன சொல்கிறது?

“இதெல்லாம் நம் பண்பாட்டில் வெளிப்படையாகப் பேசப்படாதவை, மேனாட்டு வரவு” என்று ஒரு குரல் எழும். இலக்கிய ஆர்வலர்கள் என்று நம்மை அழைத்துக்கொள்வதால் இதற்கு விடையளிக்கும் கடமை நமக்கு உண்டு.

தொல்காப்பியம் கற்பியலில் பூப்பைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. பரத்தையிற் பிரிந்த தலைவனும் பூப்புக்குப் பின்வரும் நாட்களில் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது என விதிக்கிறது. உரையாசிரியர்கள் நாட்கணக்கு வைத்து விளக்கம் எழுதினர். எவரும் அச்சொல்லைக் கறுப்புப் பையில் சுற்றவில்லை.

விலக்கும் பழையதுதான், அதையும் மறைக்கவேண்டாம். புறநானூற்றில் பொன்முடியார், போர்க்களத்தில் பின்வாங்கி நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமை கூறுகிறார். ஒரு பெண்பாற் புலவர் அதைப் போர்க்களப் பாட்டில் வைக்கிறார். கேட்டவரும் தொகுத்தவரும் முகம் சுளிக்கவில்லை. ஆக, விலக்கு இருந்தது; வாய்ப்பூட்டு இருக்கவில்லை.

அவ்விலக்கையே கேள்விக்கு உட்படுத்தியவரும் நம்மிடையே இருந்தார். சிவவாக்கியர் தூமை பற்றிப் பாடிய பாடல்களை வாசகர் அறிவர். எந்தக் குருதியிலிருந்து இவ்வுடல் உருவானதோ அக்குருதியைத் தீட்டென்று ஒதுக்கினால், ஒதுக்குகிறவனின் உடல் எதனால் ஆனது என்பதே அவருடைய வினா. அவ்வினாவைச் சித்தர் பாடல் தொகுப்புக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, சமையலறைக்குள் தங்கையை நுழையவிடாத வீட்டில் அமர்ந்து அதை இலக்கியமாக ரசிப்பவர்களை என்னென்பது?

எதிர்வாதங்கள்

இக்கட்டுரையின் முதல் வரைவை நண்பர் சிலரிடம் காட்டினோம். மூன்று மறுப்புகள் வந்தன.

முதலாவது கூச்சம். “அண்ணனிடம் போய் எந்தப் பெண் இதைச் சொல்வாள்? அவளுக்கே பிடிக்காது” என்றனர். உண்மைதான், இன்று பலருக்குப் பிடிக்காது. ஆனால் கூச்சம் பிறப்பில் வந்ததன்று. பந்தியில் அச்சிறுவன் தலைகுனிந்தானே, அந்தக் கணத்தில் ஊட்டப்பட்டது. கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை நாடறிந்தது. மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டதிலிருந்து தொடங்கி, எளிய விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர். 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். தம் ஆய்வின் தொடக்கத்தில், செய்து பார்த்தவற்றை மனைவியிடமும் உடன்பிறந்த சகோதரிகளிடமும்தான் கொடுத்தார். ஒரு கட்டத்துக்குமேல் அவர்கள் ஒத்துழைக்க மறுத்துவிட்டனர். வேறு வழியின்றி ஆட்டு இரத்தத்தைப் பையில் அடைத்துத் தம் உடலில் கட்டிக்கொண்டு சோதித்தார். ஊர் அவரைப் பித்தனென்றது. அன்பு இல்லாததாலா அச்சகோதரிகள் மறுத்தார்கள்? அண்ணனும் தங்கையும் இதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மொழி அவர்களிடையே இருக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. இயந்திரம் வந்துவிட்டது, 2018இல் அவர் கதையைத் தழுவி இந்தித் திரைப்படமும் வந்துவிட்டது. அந்த மொழி இன்னும் வரவில்லை.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கனமானது. “ஒதுக்கி வைத்தது ஓய்வுக்காகத்தானே? மூன்று நாள் வேலையில்லாமல் இருக்கட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாட்டை நீங்கள் குலைக்கிறீர்கள்” என்றார் ஒருவர். இவ்வாதத்தை நாங்கள் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். ஓய்வு தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் ஓய்வு கொடுப்பவன் கட்டிலையும் போர்வையையும் கொடுப்பான். மூலையில் தனிப்பாயும் தனித்தட்டும் கொடுக்கமாட்டான். மதுரை மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் மாதவிலக்கான பெண்கள் சென்று தங்கும் ‘முட்டுத்துறை’யை நேரில் கண்டவர்கள் அதை ஓய்வில்லம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். தவிரவும், சமையலறைக்குள் நுழையக்கூடாத பெண்கள் அதே நாட்களில் வயல்வேலைக்குப் போனார்கள். கொல்லைப்புறத்தில் துணி துவைத்தார்கள். விலக்கப்பட்டது அவர்களுடைய தொடுகை. உழைப்பு விலக்கப்படவே இல்லை. மெய்யான ஓய்வு வேண்டுமென்றால் அவள் செய்யும் வேலையை வேறொருவர் செய்யவேண்டும். அந்த வேறொருவர் இதுவரை தாயாகவோ மூத்த சகோதரியாகவோ மட்டுமே இருந்து வந்திருக்கிறார். பாரம்பரியத்தைக் காக்க விரும்பும் அண்ணன்மார் முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்கட்டும், பிறகு பேசலாம்.

மூன்றாவது மறுப்பு எங்கள் குழுவின் பெண்களிடமிருந்தே வந்தது. அதுவே எங்களை அதிகம் தைத்தது. “இதுவரை உடையையும் நேரத்தையும் கண்காணித்தார்கள். இனி தேதியையும் கண்காணிக்கப் போகிறார்களா?” என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். உதவி என்ற பெயரில் தங்கையின் மாதக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்பவன், நாள் தள்ளிப்போனால் விசாரணை நடத்துபவன், அவள் கோபப்பட்டால் “அந்த நாளா?” என்று ஏளனம் செய்பவன் எல்லாம் பழைய காவற்காரனின் புதிய வேடங்களே. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் அண்ணன்மாரிடம் கோருவது அறிவும் வேலையும். சொல்வதா வேண்டாமா, எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பவை அவளுடைய முடிவு. அவள் சொல்லாவிட்டாலும் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

என்ன செய்யலாம்?

முதலில் கற்கவேண்டும். கருப்பையின் உட்சுவர் கருவுக்காகத் தடித்து, கரு உண்டாகாதபோது உதிர்ந்து வெளியேறுவதே மாதவிலக்கு. அதில் ‘கெட்ட இரத்தம்’ எதுவும் இல்லை. சுழற்சி 21 நாள் முதல் 35 நாள் வரை இருக்கலாம். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை நீள்வதும் இயல்பு. குருதிப்போக்கு 2 முதல் 7 நாள். வெளியேறும் குருதி சராசரியாக 30 முதல் 40 மில்லி. வலிக்குக் காரணம் புரோஸ்டாகிளாண்டின் எனும் வேதிப்பொருள். அது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருக்குகிறது. எனவே வலி கற்பனையன்று. சோம்பலுக்குச் சொல்லும் சாக்குமன்று. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பது பலருக்கு உதவுகிறது. மருத்துவர் பரிந்துரைக்கும் வலிநிவாரணிகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே குறைப்பவை. எனவே வலி முற்றும்வரை பல்லைக் கடித்துப் பொறுப்பதைவிடத் தொடக்கத்திலேயே உணவோடு எடுத்துக்கொள்வது பலனளிக்கும். இவ்வளவையும் கற்க ஓர் அண்ணனுக்கு அரைமணி நேரம் போதும். மட்டைப்பந்துப் புள்ளிவிவரங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் நமக்கு இது கடினமா?

அடுத்தது கடை. வீட்டு மளிகைப் பட்டியலில் சோப்பு, பற்பசையோடு நாப்கினும் ஒரு வரியாக இருக்கட்டும். எவர் கடைக்குப் போனாலும் வாங்கிவரட்டும். எந்த வகை, எந்த அளவு என்று ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும், மாதந்தோறும் கேட்கவேண்டியதில்லை. கடைக்காரர் செய்தித்தாளை எடுக்கும்போது “சுத்த வேண்டாம், அப்படியே குடுங்கண்ணே” என்று சொல்ல ஓர் ஆணின் குரல் தேவைப்படுகிறது. நாங்கள் சொல்லிப் பார்த்தோம். கடைக்காரர் ஒருகணம் ஏறிட்டுப் பார்த்தார், பிறகு கொடுத்துவிட்டார். வேறொன்றும் நிகழவில்லை. 2017 சூலையில் இப்பொருளுக்கு 12 விழுக்காடு வரி விதிக்கப்பட்டபோது எதிர்த்துக் குரலெழுப்பியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மறு ஆண்டு சூலையில் வரி நீங்கியது. வாங்கிப் பழகிய ஆண்கள் இருந்திருந்தால் அவ்விலையின் சுமை அவர்களுக்கும் உறைத்திருக்கும்.

மூன்றாவது, வீட்டின் அமைப்பு. பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது என்பது ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு மாதமும் சந்திக்கும் சிக்கல். மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்று குளியலறையில் இல்லாத வீடுகளில், தாளில் சுற்றிப் பைக்குள் ஒளித்து, ஆள் நடமாட்டம் அடங்கியபின் எடுத்துச் சென்று எறிகிறார்கள். அத்தொட்டியை வாங்கி வைப்பதும், குப்பை அள்ளுவோர் வரும் நாளில் எடுத்துச் சென்று கொடுப்பதும் அண்ணன் செய்யக்கூடிய வேலை. துணி பயன்படுத்துபவர்களுக்கு வெயில் வேண்டும். நன்கு உலராத துணி நோய்த்தொற்றுக்கு இடம்தரும். ஆனால் ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று புடவைக்கடியில் நிழலில் உலர்த்துகிறார்கள். மாடிக் கொடியில் அத்துணி காய்வதைக் கண்டு முகம் திருப்பாமல் இருப்பதே ஓர் உதவி.

நான்காவது, வேலைப்பங்கு. அவளுடைய அந்த நாட்களை மட்டும் நோக்கி இதைச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுவதும் தண்ணீர் பிடிப்பதும் துணி மடிப்பதும் மாதம் முழுவதும் இருவருக்கும் பொதுவாக இருந்தால், வலிக்கும் நாளில் அவள் எவரிடமும் அனுமதி கேட்கவோ காரணம் சொல்லவோ தேவையில்லாமல் படுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, மருத்துவம். ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனைந்துவிடும் அளவுக்குப் போக்கு இருந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பள்ளிக்கோ வேலைக்கோ போகமுடியாத வலி மாதந்தோறும் வந்தால், மருத்துவரைப் பார்க்கவேண்டும். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்ற மருந்து இனியும் வேண்டாம். இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது; அந்நோய் கண்டறியப்படாமல் ஆண்டுகள் கழிவது வழக்கம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். வீட்டில் முட்டையும் மீனும் முதலில் எவன் தட்டில் விழுகின்றன என்பதை அண்ணன்மார் தம் தட்டைப் பார்த்தே அறியலாம். அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி எடுங்கள், செலவைப் பகிருங்கள். மருத்துவரின் அறைக்குள் வரவேண்டுமா, வெளியே அமர்ந்திருக்கவேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும்.

கடைசியாக, ஆண்கள் கூடும் இடம். பள்ளிச் சீருடையில் கறை கண்டு சிரிப்பவன் எவளோ ஒருத்தியின் தம்பி. ‘தீட்டு’ என்ற சொல்லை வசையாக்குபவன் எவளோ ஒருத்தியின் அண்ணன். அவ்விடத்தில் பெண்கள் இருப்பதில்லை, நாம்தான் இருக்கிறோம். அங்கே வாய்திறக்காத ஒருவன் வீட்டில் செய்யும் உதவி பாதி உதவியே.

தமிழகத்தைப் பற்றி ஒரு சொல்

நாம் எதுவுமே செய்யவில்லை என்று புலம்புவது எம் நோக்கமன்று. வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் வழங்கும் ‘புதுயுகம்’ திட்டம் 2012 முதல் தமிழகத்தில் செயல்படுகிறது. நாப்கின் கையில் கிடைப்பதில் இந்தியாவின் பல மாநிலங்களைவிட நாம் முன்னே இருக்கிறோம். அரசு செய்யவேண்டியதில் கணிசமானதைச் செய்திருக்கிறது. ஆனால் அரசு கொடுத்த பொட்டலத்தைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு எடுத்துவரும் சிறுமி, அதைப் புத்தகப்பையின் அடியில் ஒளித்துக் கொண்டுவருகிறாள். வீட்டில் தம்பி கண்ணில் படாத அலமாரியில் வைக்கிறாள். அங்கே அரசாணை நுழையமுடியாது. அங்கு மாற்றம் செய்யக்கூடியவன் அந்தத் தம்பி. அவனுக்குச் சொல்லவேண்டியவர்கள் நாம்.

‘பாசமலர்’ வெளிவந்தது 1961இல். ‘கிழக்குச் சீமையிலே’ 1993இல். அண்ணன் தங்கைப் பாசத்தைத் திரையில் கண்டு மூன்று தலைமுறைகள் கண்ணீர் வடித்திருக்கின்றன. அப்படங்களின் அண்ணன்மார் தங்கைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர்கள். தங்கைக்கு ஒரு நாப்கின் பொட்டலம் வாங்கிவந்த அண்ணன் எவரும் எங்கள் நினைவில் இல்லை. உயிரைக் கொடுக்கும் வாய்ப்பு வாழ்வில் அனேகமாக வருவதில்லை. மருந்துக்கடை தெருமுனையிலேயே இருக்கிறது.

அந்தப் பந்திக்குத் திரும்புவோம். அன்று நாங்கள் நால்வரும் அச்சிறுவனுக்கு எதிரேதான் அமர்ந்திருந்தோம். இலக்கியம் பேசுபவர்கள், சிவவாக்கியர் படித்தவர்கள். அவனுக்கு விடைசொல்ல எங்களுள் எவரும் வாய் திறக்கவில்லை. பெரியவர் சிரித்தபோது நாங்களும் சிரித்தோம். வண்டியில் ஏறிய பின்னரே வெட்கம் வந்தது. இரண்டு வாரம் கழித்து எங்கள் நண்பர் அவ்வீட்டுக்கு மீண்டும் போனார். சிறுமியிடமும் அவள் தாயிடமும் கேட்டுக்கொண்டு, பையனைத் திண்ணையில் அமர்த்தி, அவன் வயதுக்கு ஏற்றபடி பத்து நிமிடத்தில் விளக்கினார். கேட்டு முடித்ததும் பையன் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப அக்காவுக்கு வலிக்குமா?”

தட்டு சுமந்து வந்த மாமன்மார் எவரும் அன்று அதைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எம் கருத்தோடு மாறுபடுவோர் தாராளமாக மறுத்து எழுதலாம். விவாதிக்கச் சித்தமாக இருக்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். மறுப்பு எழுதும் நண்பர், எழுதத் தொடங்குமுன் தம் வீட்டுக் குளியலறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும்.